உள்ளங்கை வைக்க மறுத்த பதினோரு பேர்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஹெச்.ஆரில் சேர்ந்தவராம். கேட்டில் இப்போது முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளும் கேமரா வந்துவிட்டது, நடந்து வந்தாலே போதும், நிற்கக்கூட வேண்டாம் என்றார். டைம் ஆபீஸ் அறையைக் காலி செய்தபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு நீள நோட்டு கிடைத்ததாம்.

"சார், இதுல பத்து நாளைக்கு, பத்துப் பேர் தினமும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பதினோராவது பேருக்கு நேரா மட்டும் பத்து நாளும் 'வரவில்லை'ன்னு இருக்கு. உங்க எழுத்துன்னு சொல்றாங்க. இது என்ன ரெஜிஸ்டர் சார்? வச்சுக்கணுமா, கிழிச்சுடலாமா?"

"கிழிச்சுடுங்கம்மா" என்றேன். போனை வைத்த பிறகு, கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பதைப் பதிவு செய்வது டைம் ஆபீஸின் வேலை. எப்படி வேலை செய்தார், ஏன் வரவில்லை என்பதெல்லாம் எங்களுடையது அல்ல. முதல் ஆறு வருடம் அம்பத்தூரில் ஒரு சின்ன பட்டறையில் வருகை அட்டைகளை அடுக்கினேன். பிறகு ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்று ஆரம்பித்தபோது, வீடு படப்பையில் இருந்ததால், இங்கே வந்துவிட்டேன். ஒரு காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் வரைபடப்படி ஒரு பலகையில் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டினால் அதற்கு ஹார்னஸ் என்று பெயர். கட்டி முடித்ததைச் சோதனைப் பலகையில் மாட்டுவார்கள். எல்லா ஒயரும் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் பச்சை விளக்குகள் வரிசையாக எரியும். ஒன்று எரியாவிட்டாலும் அந்த ஹார்னஸ் வெளியே போகாது.

எங்கள் பர்சனல் மேனேஜர் வரதன் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஃபைலில் ஏதாவது பிடிக்கவில்லை என்றாலோ புரியவில்லை என்றாலோ ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். அவர் முன்னால் போய் நின்றால் அவர் பேசமாட்டார். நாம்தான் பேசவேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நம் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். நடுவில் ஒரு கேள்வியோ இரண்டோ வரும். பேனாவை மூடிவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் காதில் விழாது. அவரிடம் பதினெட்டு வருடம் இருந்தேன். ஒருநாளும் அநியாயம் செய்ததாகச் சொல்லமுடியாது. ஒருநாளும் விதியைத் தாண்டியதாகவும் சொல்லமுடியாது.

ஒரு காலை, வெல்டிங் பகுதி ஆள் ஒருவர் ஷிஃப்டுக்கு வரும் வழியில் லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே நேரத்தில் எங்கள் பதிவில் அவர் தொழிற்சாலைக்குள் இருந்தார். நண்பர் ஒருவர் வழக்கம்போல அவர் வருகை அட்டையையும் சேர்த்துக் கேட் இயந்திரத்தில் தேய்த்திருந்தார். வேலைக்கு வரும்போது அடிபட்டார் என்று நிரூபிக்க அந்தக் குடும்பம் ஒரு வருடம் அலைந்தது. ஏனென்றால் எங்கள் பதிவு அவர் உள்ளே இருந்ததாகச் சொன்னது. அந்த ஃபைல் மூடிய அன்றே வரதன் சார், "இனி அட்டை வேண்டாம். கையே வரட்டும்" என்றார். வலது உள்ளங்கையைக் கண்ணாடித் தட்டில் வைத்தால் கேட் திறக்கும் இயந்திரம் அப்படித்தான் எங்களுக்கு வந்தது.

முதலில் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சோதித்துப் பார்க்க லைனில் இருந்து நாலு பேரைக் கூப்பிட்டேன். அதில் ஒருவர் ஞானசுந்தரி. சோதனைப் பலகையில் இன்ஸ்பெக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும், மணிமங்கலம் பக்கம் வீடு, அங்கே ஒரு சின்ன சபைக்குப் போகிறவர். கணவர் ஜெபராஜும் எங்கள் ஆள்தான், ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சுந்தரி கையை வைத்தார். திரையில் 'ஆள் இல்லை' என்று வந்தது. பத்து வருடம் கனெக்டர் அழுத்தித் தேய்ந்த கை. மறுபடியும் வைத்தார். மறுபடியும் 'ஆள் இல்லை'.

"அப்போ நீ இல்லம்மா" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரியும் சிரித்தார்.

இயந்திரத்துக்கு ஒப்புதல் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் சுந்தரி ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் சபை மாதாமாதம் அச்சிடும் பதினாறு பக்கப் பத்திரிகையில் அது வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேர் வீட்டிலும் அது வாசிக்கப்பட்டது.

இயந்திரம் கேட்டில் வேலை செய்யத் தொடங்கிய திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, வரிசையிலிருந்து பதினோரு பேர் விலகி நின்றார்கள். கேட்டால், வேதத்தில் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, வலது கையில் ஒரு அடையாளம் வாங்கச் சொல்வார்கள், வாங்கினவன் தேவனுக்கு ஆகாதவன், நாங்கள் கையை வைக்கமாட்டோம் என்றார்கள். சண்டையும் இல்லை, கோஷமும் இல்லை. பதினோரு பேரும் நல்ல வேலைக்காரர்கள். அவர்களில் ஜெபராஜும் ஒருவர்.

பன்னிரண்டாவது ஆளான சுந்தரி நேராக வந்து வலது கையைத் தட்டில் வைத்தார். இந்த முறை இயந்திரம் அவரை அடையாளம் கண்டுகொண்டது. கேட் திறந்தது.

"சுந்தரி, இன்னா பண்ற?" என்று வெளியே இருந்து ஜெபராஜ் கேட்டார்.

"ஷிஃப்டுக்குப் போறேன்."

"நீ எழுதினதுதான இது?"

"அது கதைங்க."

"கதையா? வூட்ல ஒக்காந்து அழுதுகினே எழுதின. அது கதையா?"

"அழுதா கதை இல்லன்னு ஆயிடுமா?"

ஜெபராஜ் மெதுவாகத்தான் சொன்னார். "நீ எழுதினத நீயே நம்பலன்னா, நான் இன்னாத்த நம்பறது?"

சுந்தரி திரும்பிப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றார். லைன் ஓடத் தொடங்கும் மணி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

நான் வரதன் சாரிடம் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்தார். கேட்டபிறகு, "தனியா ஒரு நோட்டுப் போடுங்க. ஆறே முக்கால்ல இருந்து ஏழே காலுக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா, வந்தாங்கன்னு எழுதுங்க. வேலை செஞ்சாங்கன்னு எழுதாதீங்க. ஏழே காலுக்குச் சிவப்புக் கோடு போட்டு மூடிடுங்க" என்றார். எங்கள் நிலையாணை என்ற வேலை விதிகளின்படி தொடர்ந்து பத்து வேலை நாள் வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நோட்டில் கையெழுத்து இருக்கும்வரை அவர்கள் வராதவர்கள் ஆகமாட்டார்கள். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு வழி தேடிக்கொள்ள வரதன் சார் நினைத்தார் என்று இப்போது புரிகிறது.

பத்துப் பேர் தினமும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஜெபராஜ் போடவில்லை. "கையெழுத்தும் கைதான சார்" என்றார். தினமும் வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக நிற்பார். ஏழே கால்வரை நின்றுவிட்டுப் போவார். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடத் தெரியும். நான் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன்.

நிர்வாகத்துக்கு யார்மேலாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. மறுத்தவர்களை விட்டுவிட்டு, கை வைத்த சுந்தரிமேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போனது. கதை எழுதிச் சக தொழிலாளர்களைத் தூண்டினார் என்று. வரதன் சார் பத்திரிகையின் ஏழு இதழ்களையும் என் மேசையில் வைத்து, "படிச்சு ரெண்டு பக்கத்துல சுருக்கம் கொடுங்க" என்றார்.

நான் சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்தவன். அந்த மாதிரி எதையும் அதுவரை படித்ததில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினேன், சாப்பிடவில்லை. கதையில் கடல் வற்றிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே நகரத்தில் தண்ணீர் வேண்டுமானால் வலது கையைக் கண்ணாடித் தட்டில் வைக்கவேண்டும். வானத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள், அவற்றையெல்லாம் ஒயரால் இணைத்து வானத்துக்கே ஒரு ஹார்னஸ் கட்டியிருக்கிறார்கள். லிதியா என்ற பெண் அந்த ஹார்னஸைச் சோதிக்கிறவள். ஒவ்வொரு நட்சத்திரமும் அவளுக்கு ஒரு பச்சை விளக்கு. ஒருநாள் வரைபடத்தில் இல்லாத ஒரு ஒயரைப் பார்க்கிறாள். அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொட்டுக்கொண்டு மேலே ஏறத் தொடங்குகிறாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஏழாவது அத்தியாயம் அங்கே நின்றிருந்தது.

முதல் அத்தியாயத்தில் ஒரு காவலாளி வருகிறான். லிதியா தட்டில் கை வைக்கிறாள், இயந்திரம் அவளை ஏற்கவில்லை. காவலாளி சிரித்துக்கொண்டு சொல்கிறான்: "அப்போ நீ இல்லம்மா."

நான் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். காவலாளியைப் பற்றி எழுதவில்லை.

விசாரணை ஒன்பதாம் நாள் மதியம். மறுத்தவர்கள் உள்ளே வரமுடியாது என்பதால் கேட்டுக்கு வெளியே இருந்த பயிற்சிக் கூடத்தில் வைத்தார்கள். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். நிர்வாகத் தரப்பில் வரதன் சார் கேள்வி கேட்டார். நான் எழுதுகிறவன். கேள்வியைத் தமிழில் எழுதவேண்டும், பதிலைச் சுந்தரி சொன்ன வார்த்தையிலேயே எழுதவேண்டும், உரக்கப் படித்துக் காட்டவேண்டும், சரி என்றபிறகு பக்கத்தின் அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்து வரலாம். சுந்தரி ஜெபராஜை அழைத்து வந்திருந்தார். கை வைத்தவரும் வைக்காதவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மற்ற பத்துப் பேரும் சாட்சிகள் என்று சுவரோரம் நாற்காலிகளில்.

"கதையில வர்ற கண்ணாடித் தட்டு நம்ம கேட்ல இருக்கிற மெஷின்தானா?" என்று தொடங்கினார் வரதன் சார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சுந்தரி யோசிக்கவேயில்லை. "ஆமா சார். அதப் பாத்துட்டு வந்துதான் எழுதினேன்."

எழுதினேன். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். எங்கே பார்த்தீர்கள், யார் காட்டினார்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன். வரதன் சார் அதைக் கேட்கவில்லை.

"மத்தவங்க வைக்கலை. நீங்க ஏன் கை வச்சீங்க?"

"நான் எழுதினது என் பயத்த சார். அந்த மெஷின் ஆள் இல்லன்னு காட்டினப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு ஆச்சு. அத எழுதினேன். எழுதி முடிச்சப்புறம் மெஷின் வெறும் மெஷினாத்தான் தெரிஞ்சுது."

"இது உங்களுக்குத் தேவன் வெளிப்படுத்தினதுன்னு இவங்கல்லாம் சொல்றாங்க. அப்படியா?"

சுவரோரம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஆம் என்றால் அவர் சபையில் பெரியவர் ஆகிவிடலாம், ஆனால் அந்தப் பதினோரு பேரும் கடைசிவரை வெளியேதான் நிற்பார்கள். இல்லை என்றால் அவர்கள் உள்ளே வரலாம். ஆனால் சுந்தரிக்குச் சபையில் இடம் இருக்காது. இதெல்லாம் எனக்கே புரிந்தது என்றால் அவருக்குப் புரியாமல் இருக்காது. பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்தார்.

"இல்ல சார். எனக்கு யாரும் சொல்லல. பஸ்ல வர்றப்ப, டீ பிரேக்ல, நானா யோசிச்சு எழுதினேன். லிதியாவும் நானா வச்ச பேருதான்."

எழுதி, படித்துக் காட்டினேன். அதுவரை வாய் திறக்காத ஜெபராஜ், "அந்தக் கடேசி வரிய இன்னொரு தபா படிங்க சார்" என்றார். துணைக்கு வந்தவர் அப்படிக் கேட்கலாமா என்று வக்கீலைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். மறுபடியும் படித்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக யோசித்து எழுதினேன். ஜெபராஜ் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். சுந்தரி பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பத்தாம் நாள். பத்துப் பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடைப் பக்கம் பார்த்தேன், ஜெபராஜ் இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஏதோ கன்டெய்னர் லாரி நின்றுபோய், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் தாமதம் என்று சொன்னார்கள். ஏழே காலுக்குச் சிவப்புக் கோடு போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஏழு இருபதுக்கு ஜெபராஜ் ரோட்டைக் கடந்து ஜன்னலுக்கு வந்தார். ஓடி வந்த மூச்சு. நோட்டுப் போட்டதிலிருந்து காலை வேளையில் அவர் இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல்முறை.

"சார்..." என்றார்.

"மணி ஆயிடுச்சு ஜெபராஜ்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மேசைமேல் மூடியிருந்த நோட்டைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அன்று மதியம் அந்தப் பதினோரு பேரின் ஃபைல் வந்தது. ஓரத்தில் 'பேசவும்'. போனேன். பேனா திறந்து கிடந்தது. எனக்கு ஒரு யோசனை இருந்தது. தீப்பட்ட கை, வெட்டுப்பட்ட கை உள்ளவர்களுக்காக இயந்திரத்தின் கணக்கில் 'கை பதியாதவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெயரைப் போட்டால் பழைய அட்டையே போதும் என்று சொன்னேன்.

"அவங்க கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?" என்றார் சார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பதியலை. ஏன் பதியலைன்னு அந்தக் கட்டத்துல கேக்கலை."

வெகு நேரம் சுவரைப் பார்த்தார். "எத்தனை பேர்?"

"பதினொண்ணு சார்."

"நோட்டுல?"

"பத்து."

"அப்போ பத்து."

"ஜெபராஜ் காலைல வந்தார் சார். அஞ்சு நிமிஷம்தான்."

"கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

பேனாவை மூடினார்.

மறுநாள் பத்துப் பேரும் அட்டையுடன் உள்ளே போனார்கள். கதை கதைதான், தூண்டுதல் நிரூபணமாகவில்லை என்று வக்கீல் எழுதினார், சுந்தரி தப்பினார். ஜெபராஜுக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு போனது. விளக்கம் கொடுக்க அவகாசம் இருந்தது. அவர் கொடுக்கவில்லை. வேலை போயிற்று. சபைப் பத்திரிகையில் தொடர் நின்றுபோனது. சுந்தரி கொடுத்திருந்த கடைசி அத்தியாயத்தின் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். சில மாதம் அவர் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டார். ஒருமுறை என் ஜன்னலில் நின்று, "அன்னைக்கு அவரு வந்தாரா சார்?" என்று கேட்டார். "வந்தார்மா. மணி ஆயிடுச்சு" என்றேன். "சரி சார்" என்று லைனுக்குப் போய்விட்டார். அட்டை வாங்கிய பத்துப் பேரில் நாலு பேர், அட்டையைத் தொலைத்துத் தொலைத்து அலுத்துப்போய், ஒரு வருடத்துக்குள் தாங்களே கையை வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற வருடம், மகள் வீட்டுக்கு ஒரு தேக்குக் கட்டிலை அனுப்ப, படப்பை ஸ்டாண்டில் குட்டி யானை என்கிற ஒரு சின்னச் சரக்கு வண்டி பிடித்தேன். ஓட்டி வந்தவர் ஜெபராஜ். என்னைப் பார்த்து, "சார், நல்லா கீறீங்களா?" என்றார். சுந்தரி இப்போது லைன் சூப்பர்வைசர் என்றார்.

போகும் வழியில், "இன்னும் எழுதறாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுறா சார். கடேசி அத்தியாயத்த எனக்கு மட்டும் படிச்சுக் காட்டினா."

"லிதியா என்ன ஆனாங்க?"

"அந்த ஒயர புடிச்சுகினே போனாங்க. போகப் போக அது ஒயரு இல்லயாம் சார், நூலாம். மேல இருந்து யாரோ அவங்கள மெதுவா இழுத்துகினு இருந்தாங்களாம்." சிரித்தார். "நல்லா எழுதுறா."

மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சார், அன்னைக்கு நான் நோட்டுல கையெழுத்துப் போட வரல."

"பின்னே?"

"கை வைக்க வந்தேன். மெஷின்ல. அவ்ளோ பேர் எதிர்ல அவ யாரும் சொல்லலன்னு சொல்லிட்டா. அப்புறம் நான் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு இன்னா பண்றது?"

"சொல்லியிருக்கலாமே ஜெபராஜ். ஏழே கால் நோட்டுக்குத்தான். மெஷின்ல லேட்டா வந்தாலும் ஏழே முக்கால் வரைக்கும் வைக்கலாம்."

கயிற்றில் இருந்த அவர் கை நின்றது.

"எனக்குத் தெரியாது சார்" என்றார். "நீங்க மணி ஆயிடுச்சுன்னீங்க. கர்த்தரே வேணாம்னு கதவ சாத்திட்டாருன்னு நெனச்சினு போயிட்டேன். இத்தினி வருசமா அப்டித்தான் நெனச்சினு கீறேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மிச்சக் கயிற்றை அவர் முழங்கையில் சுற்றிச் சுருட்டி, டிரைவர் சீட்டில் போட்டுவிட்டு வந்தார்.

"அந்தப் பக்கம் புடிச்சுக்குங்க சார்" என்றார். "கனமா கீது. பாத்து."

இருவரும் சேர்ந்து கட்டிலை இறக்கினோம்.